ஒன்றாம் நம்பருக்கு ஒரு பை

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு பைக்கடையாம், கடைக்குள்ளே நூற்றெட்டுப் பை தொங்கியதாம், நூற்றெட்டில் ஒன்றுகூட அந்தப் பையனுக்கு ஆகவில்லையாம். உம் கொட்டினால்தான் மேலே சொல்லுவேன். ஊர் கோயம்புத்தூர். கடை, ராஜ வீதியிலிருந்து பிரியும் சந்தில் மூன்றாவது. பையன் நான்தான், நவநீதன், கணபதியில் ஒரு கிரில் பட்டறையில் வெல்டிங் வேலை. வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டரை மணி. கடைக்காரர் இதாயத்துல்லா பாய் நுனியில் கொக்கி வைத்த கம்பால் மேலேயிருந்து பைகளை இறக்கி இறக்கிப் போடுகிறார், என் ஆட்டக் கூட்டாளி திலகமணி அக்கா ஒவ்வொன்றாக வாயைப் பிளந்து பார்க்கிறாள், நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை சொல்கிறேன். இது சின்னது. இது உயரம். இந்த நிறம் சீக்கிரம் அழுக்காகும். நிறமாம், நிறம்! இரண்டு வருஷமாக நகைக்கடைப் பேர் போட்ட கட்டைப்பையில் தட்டுகளைப் போட்டுக்கொண்டு ஆடப் போகிறவன் நிறத்தைப் பற்றிப் பேசுகிறேன். புதுப் பைகளின் ரெக்சின் வாசமும் பசை வாசமும் சேர்ந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு பை பிடித்துவிட்டது என்று நான் சொன்னால் போதும், அக்கா சட்டைப் பாக்கெட்டிலிருந்து அந்தப் பித்தளைப் பில்லையை எடுத்து அதில் மாட்டிவிடுவாள். மாட்டுவதற்குத்தான் வந்திருக்கிறாள், வேலை நேரத்தில், வெயிலில், மத்தியானச் சோற்றை விட்டுவிட்டு. அதனால்தான் எனக்கு எதுவும் பிடிக்காமல் இருக்கிறது.

பில்லை என்ன என்று கேட்டால், அதற்கு முன்னால் ஆட்டம் என்ன என்று சொல்ல வேண்டும். ஸ்டான்லி சார் அதை டிஸ்க் கோல்ஃப் என்பார், நாங்கள் கூடையாட்டம் என்போம். பந்தும் மட்டையும் கிடையாது, விளிம்பு வைத்த பிளாஸ்டிக் தட்டு. குழி கிடையாது, சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. எவன் குறைந்த எறியில் கூடைக்குள் போடுகிறானோ அவன் ஜெயித்தவன். சார் வேலை பார்க்கும் காலேஜுக்குப் பின்னால் வேம்பும் உடைமரமுமாகக் கிடந்த பூமியில் ஒன்பது கூடை நட்டிருக்கிறோம். ஒன்பதும் நான் வெல்டு வைத்தவை, பழைய சைக்கிள் ரிம்மில் சங்கிலியைத் தொங்கவிட்டு. கூடையை நட்டுவிட்டு வீட்டுக்குப் போக இருந்தவனைத்தான் ஒரு தட்டைக் கொடுத்து எறிந்து பார் என்றார்கள், அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு இந்த ஆட்டம்தான். மொத்தம் பதினொரு பேர். பதினொரு பேருக்கும் பதினொரு பித்தளைப் பில்லை, ஒன்று முதல் பதினொன்று வரை நம்பர் குத்தியது, அதையும் பட்டறையில் நானே உளி வைத்துக் குத்தினேன். பில்லையை அவரவர் பையில் மாட்டிக்கொண்டு வர வேண்டும். அன்றைக்கு ஆடி முடித்ததும் நல்ல கணக்கு யாருக்கோ அவருக்குச் சின்ன நம்பர் போகும். தோற்றவர் தன் பையிலிருந்து தானே கழற்றி, ஜெயித்தவர் பையில் தன் கையால் மாட்ட வேண்டும், இது எங்கள் வழக்கம். ஒன்றாம் நம்பர் எட்டு மாசமாக அக்கா பையில் தொங்கிக்கொண்டிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை அது எனக்கு வந்தது. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அக்கா என் கட்டைப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஒரு வளையம் இல்லை, கொக்கி இல்லை, இரண்டு மரக்கட்டைப் பிடி மட்டும், அதுவரை என் பில்லையைத் தட்டுகளோடு உள்ளேயே போட்டு வைத்திருந்தேன். "இதுல எங்கடா மாட்டறது, உன்ற காதுலயா?" என்று சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். "போச்சாது போ, வியாழக்கெழம ராஜ வீதிக்கு வா, ஒரு பை எடு, அங்கயே மாட்டி உடறேன்." நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். சிரித்த வாய்க்குள் நாக்கு கட்டையாகக் கிடந்தது. ஏனென்றால் அந்த ஒன்றாம் நம்பரை நான் ஜெயிக்கவில்லை. எறியும்போது என் கால், அடையாளத்துக்கு வைத்த சோடா மூடியைத் தாண்டிவிட்டது.

"தம்பி, இது பாருங்க, காலேஜ் பசங்க எல்லாம் இதத்தான் அள்ளிட்டுப் போறாங்க" என்கிறார் பாய். லேப்டாப் பை. அக்கா என் கட்டைப்பையிலிருந்து ஏழு தட்டையும் எடுத்து அதற்குள் வைத்துப் பார்க்கிறாள். பாய் தட்டுகளைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். "ஏம்மா, பந்திக்குக் கெளம்பிட்டீங்களா? ஏழு தட்டு இருக்கு, எலையே போட்டுருக்கலாமே." "ஆமாங்க பாய், பிரியாணி உங்க வீட்டுலதான்" என்கிறாள் அக்கா, கண் பையை விட்டு நகரவே இல்லை. லேப்டாப் பையில் தட்டுகள் படுத்துவிடுகின்றன, ஒன்றன்மேல் ஒன்றாக, அடித்தட்டு வேண்டுமென்றால் ஆறையும் வெளியே எடுக்க வேண்டும். தட்டு பைக்குள் நிற்க வேண்டும், கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் கழுவிய தட்டுகள் நிற்கிற மாதிரி பக்கம் பக்கமாக, மேலேயிருந்து விரல் வைத்து எந்த எறிக்கு எது வேண்டுமோ அதை உருவ வேண்டும். அக்கா இதையெல்லாம் சொல்வதில்லை. லேப்டாப் பையை ஒரு தரம் ஆட்டினாள், உள்ளே தட்டுகள் சரிந்த சத்தம் கேட்டது, ஓரமாக வைத்துவிட்டாள். அவ்வளவுதான். பை விஷயத்தில் அவளுக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது. காலையிலிருந்து சாயங்காலம் வரை பார்சல் கம்பெனிப் பை அவள் முதுகில், சதுரமாக, ஆட்டுக்கல் கனத்தில், அதோ வாசலில் இறக்கி வைத்திருக்கிறாள், ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. தோள்பட்டை வாரை எப்படிச் சோதிக்கிறாள் என்று பார்க்க வேண்டும். வாரும் பையும் சேரும் இடத்துக்குள் முஷ்டியை விட்டு, முழங்காலைப் பை மேல் கொடுத்து, ஒரு இழு. தையல் முறுக்கிக்கொண்டு ஒரு சின்ன முனகல் விடும். அந்த முனகலைக் கேட்டுத்தான் முடிவு. ஜிப்பை மூன்று தரம் ஓட்டுவாள், கண்ணை மூடிக்கொண்டு. பிறகு பையை உள்புறம் வெளிப்புறமாகத் திருப்பி, நூல் முடிச்சுகளைக் கட்டைவிரலால் தடவுவாள், தலையில் பேன் பார்க்கிற மாதிரி. "இந்தப் பட்டை ஆறு மாசத்துல கையோட வந்துருங்க பாய், வேணும்னா எழுதித் தர்றேன்." "தாயி, நீங்க வாங்க வந்தீங்களா, ரெய்டுக்கு வந்தீங்களா?" பாய் கோபித்துக்கொள்ளவில்லை, அவருக்கும் பிடித்திருக்கிறது, சரக்குத் தெரிந்தவர் கை படும்போது கடைக்காரர்களுக்கு வரும் ஒரு நிமிர்வு அவர் முதுகில் வந்துவிட்டது. நான் மட்டும் அந்தக் கை ஒவ்வொரு முடிச்சாகத் தடவுவதையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இப்படித் தடவுகிறவள் என் காலைப் பார்க்காமல் போனாளே.

எவ்வளவு தாண்டியது என்று நாலு நாளாக அளந்துகொண்டிருக்கிறேன். தட்டு விழுந்த இடத்தில் ஒரு சோடா மூடியை வைக்க வேண்டும், அந்த மூடிக்குப் பின்னால் நின்று அடுத்ததை எறிய வேண்டும், கூடைக்குப் பக்கத்தில் என்றால் தட்டு கூடைக்குள் போய் அடங்குகிற வரைக்கும் கால் மூடியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த எறி செல்லாது, ஒன்று கூட்டிக்கொண்டு மறுபடி எறிய வேண்டும். ஒன்பதாவது கூடை. அக்கா முடித்துவிட்டாள். நான் போட்டுவிட்டால் ஒரே ஒரு எறி வித்தியாசத்தில் ஜெயம், விட்டால் சமம், நம்பர் அவளிடமே இருக்கும். எட்டடி தள்ளி நின்றேன். எட்டடியா, பத்தடியா, அதுகூட இப்போது நினைவில் குழம்புகிறது, ஆனால் தட்டு கையை விட்ட நிமிஷம் நினைவிருக்கிறது, ரொம்ப மெதுவாக, அவ்வளவு மெதுவாக எதுவும் பறந்து நான் பார்த்ததில்லை, அதன் பின்னாலேயே என் உடம்பும் போனது, கூடைக்குள் கையாலேயே கொண்டுபோய் வைத்துவிடலாம் என்கிற மாதிரி. வலது கால் மூடியைத் தாண்டி ஊன்றியது. பிறகுதான் சங்கிலி சத்தம் போட்டது. முதலில் கால், பிறகு சங்கிலி. ஒருநாள் ராத்திரி இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன், முதலில் சங்கிலி, பிறகு கால் என்று; கொஞ்ச நேரம் நம்பக்கூட முடிந்தது. நான்கு விரல்தான் தாண்டியது என்று திங்கட்கிழமை தோன்றியது. செவ்வாய்க்கிழமை பட்டறையில் கம்பி அறுக்கும்போது ஒரு முழமாகிவிட்டது. நேற்று மறுபடி ஒரு சாணாகச் சுருங்கியது. பார்த்தவர்கள் மூன்று எண்ணுவதற்குள் சொல்ல வேண்டும், அவனவனே சொல்வதென்றாலும் மூன்றுக்குள். எல்லார் கண்ணும் சங்கிலி மேல். ஒருவரும் பார்க்கவில்லை. நான் எண்ணினேன், அதுதான் பாருங்கள், மனசுக்குள் ஒழுங்காக எண்ணினேன், ஒன்று, இரண்டு, மூன்று என்று, மூன்று முடிந்ததும் மூச்சு விட்டேன். யாரோ தோளைத் தட்டினார்கள். ஸ்டான்லி சார் கணக்குச் சீட்டை நீட்டினார், கையெழுத்துப் போட்டேன், அக்காவும் போட்டாள்.

அப்புச்சி, அம்மாவைப் பெற்ற தாத்தா, ஒரு கதை சொல்லுவார், கோயில் மணியைத் திருடி மடியில் கட்டிக்கொண்டவன் கதை. அடி எடுத்து வைத்தால் மணி அடிக்கும், அதனால் அவன் நின்ற இடத்திலேயே நின்றானாம், மழை பெய்தும் நின்றானாம், வெயிலடித்தும் நின்றானாம், பாதத்தில் வேர் விட்டு அரசமரமாகிப் போனானாம். "அப்பறம்?" என்றால், "அப்பறம் என்ன, காக்கா வந்து கூடு கட்டுச்சு" என்பார். சின்ன வயசில் எனக்கு அதில் பயமாக இருந்தது மரமாவது இல்லை. நிற்பவனுக்கு எப்போது மரமானோம் என்று தெரிந்திருக்காதே, அதுதான். இங்கே பைகளுக்கு நடுவில் நிற்கிறேன். காலைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்துக்கொள்கிறேன், நகர்கிறது. "என்னடா காலப் போட்டுத் தேச்சுட்டு இருக்கற, செருப்புல ஏதாவது மிதிச்சுட்டயா?" "இல்லீங்க்கா." "அப்பறம் ஏண்டா பேயறஞ்ச மாதிரி நிக்கற, இத மாட்டிப் பாரு." மலை ஏறுகிறவர்கள் மாட்டும் பை. முதுகில் மாட்டி வாரை இழுத்துவிடுகிறாள், என்னைப் பிடித்துத் திருப்புகிறாள், பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிவிடுகிற மாதிரி. தலைக்கு மேல் ஒரு சாண் உயரம். ஒரு சாண்! போன நிமிஷம்தான் மறந்திருந்தேன். "உயரமுங்க்கா" என்கிறேன், இந்தத் தடவை உண்மையாகவே உயரம், குனிந்தால் தலையில் இடிக்கிறது. "ஆமா, குனிஞ்சா உனக்கு முன்னாடி அது போய் விழும்." கழற்றிவிட்டாள். ஒரு பை தப்பியது. இன்னும் எத்தனை.

அவள் எறிவதை நீங்கள் பார்க்க வேண்டும். மூன்றாவது கூடை இரண்டு வேம்புக்கு நடுவில், நேராக எறிந்தால் மரம், சுற்றி எறிந்தால் வேலி. எல்லாரும் அங்கே நின்று வெகு நேரம் யோசிப்போம். அக்கா பையை இறக்கி வைப்பாள், அவள் பை பழைய பார்சல் பையை அறுத்து அவளே டெய்லரிடம் உட்கார்ந்து தைத்தது, மூன்று விதத் துணி, கீழே லாரி ரெக்சின். பார்க்காமலே கையை விட்டு ஒரு தட்டை உருவுவாள். காது மடலை ஒரு தரம் தேய்த்துக்கொள்வாள். எறி கையில் ஆரம்பிப்பதில்லை. குதிகாலில் ஆரம்பித்து, இடுப்பில் கொஞ்சம் தாமதித்து, தோளில் ஏறி, கை கடைசியாகத்தான் விஷயம் தெரிந்துகொண்டது போல வரும். தட்டு இடதுபுறம் வெளியே போகும், போய்விட்டது, வேலிதான் என்று எல்லாரும் நினைக்கிற இடத்தில் சாய்ந்து, இரண்டு மரத்துக்கும் பின்னால் சுற்றி, கூடைக்குப் பக்கத்தில் உட்காரும். கீழே விழுந்தது என்று அதைச் சொல்ல முடியாது. ஒரு தடவை அப்படி உட்கார்ந்தபோது என் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் சாய்ந்து பேண்ட் முழுக்க நனைந்ததுகூடத் தெரியாமல் நின்றிருக்கிறேன். அவள் அதற்குள் பையை மாட்டிக்கொண்டு நடந்திருந்தாள். தன் தட்டைத் தானே பார்த்துக்கொண்டு நிற்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. ஒரு தடவை அவள் தட்டு முள்ளுக்குள் போனது, நாங்கள் யாரும் பக்கத்தில் இல்லை, காலால் ஒரு தள்ளுத் தள்ளியிருந்தால் வெளியே வந்திருக்கும். உள்ளே போய், முள்ளுக்கு நடுவில் மூடியை வைத்து, முழங்காலிட்டு எறிந்துவிட்டு, கையெல்லாம் கீறலோடு வந்தாள். யாரும் பார்க்கவில்லை, நான் மட்டும் தூரத்திலிருந்து பார்த்தேன், நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது. அப்படிப்பட்டவளிடமிருந்து.

"உங்களுக்கு ஒண்ணு தெரியுமுங்களா பாய்" என்கிறாள் அக்கா, ஒரு காமிராப் பைக்குள் தலையைவிட்டபடி. குரல் பைக்குள்ளிருந்து வருகிறது. "இந்தப் பையன் என்னையத் தோக்கடிச்சுப்போட்டான். எட்டு மாசமா ஒருத்தனாலயும் முடியல. வாயத் தெறந்து நாலு வார்த்தை பேச மாட்டான், பாத்துக்கங்க, கமுக்கமா இருந்துட்டுப் போட்டுட்டான் ஒண்ணு." பாய் என்னை மேலும் கீழும் பார்க்கிறார். "இவரா? பாத்தா எறும்பு கடிச்சாலும் மன்னிப்புக் கேக்கற மாதிரி இருக்காரு." "அதேதானுங்க. குடோன்ல சொன்னா ஒருத்தனும் நம்பல. யாருக்கா, அந்த வெல்டிங் பையனாங்கறானுக. ஆமாண்டா, எங்க பையன்தான், உங்களால ஆகுமான்னு கேட்டேன்." தலையை வெளியே எடுத்துச் சிரிக்கிறாள், நெற்றி முழுக்க வேர்வை, அதில் பையின் கறுப்புத் தூசி. எங்க பையன். அந்தச் சொல் வந்து எங்கேயோ விலாவுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டது. சொல்லிவிடு. இப்போது சொல், இந்தச் சிரிப்பு முடிவதற்குள், ஒன்று, இரண்டு. இப்போது சொன்னால் குடோனில் போய் என்ன சொல்வாள்? சொல்லாமல் விட்டால் என்ன கெட்டுப்போகும்? அடுத்த ஞாயிறு அவளே ஜெயித்து எடுத்துக்கொள்ளப்போகிறாள், யாருக்கு நஷ்டம், ஒரு வாரம் ஒரு பித்தளைத் துண்டு என் பையில் தொங்கும், அவ்வளவுதானே. அவ்வளவுதான் என்றால் இத்தனை பைக்கு ஏன் குறை சொல்கிறேன்? மூன்று. முடிந்துவிட்டது. மறுபடி முடிந்துவிட்டது. "காமிராப் பை ஆகாதுங்க்கா, உள்ளுக்குள்ள தடுப்பு." "தடுப்ப அறுத்துக்கலாண்டா." "அறுத்தா தையல் விட்டுருமுங்க்கா." "அட, உனக்குப் பொண்ணு பாக்கறவிய பாவம்டா" என்கிறாள், பாய் கவுண்டரைத் தட்டிச் சிரிக்கிறார்.

அப்போதுதான் அவர் உள்ளே போய் ஒரு பையைக் கொண்டுவந்தார், கொக்கிக் கம்பு எட்டாத மூலையிலிருந்து, தூசி தட்டிக்கொண்டே. "இது ஒண்ணுதான் இருக்கு. எலக்ட்ரீசியனுங்களுக்கு வந்தது, யாரும் எடுக்கல, கனமா இருக்குன்னுட்டாங்க." காக்கிக்கும் பச்சைக்கும் நடுவில் ஒரு நிறம், கான்வாஸ். வாய் பெட்டி மாதிரி முழுசாகத் திறக்கிறது, திறந்தது மூடாமல் நிற்கிறது. அடியில் கெட்டி ரப்பர். அக்கா ஏழு தட்டையும் உள்ளே இறக்கினாள். நின்றன, பக்கம் பக்கமாக, இன்னும் ஏழுக்கு இடம் விட்டு. முஷ்டியை விட்டு இழுத்தாள், முனகவில்லை. ஜிப் மூன்று தரம், கண் மூடி. தரையில் வைத்துவிட்டு விலகினாள். பை தானாக நின்றது. எங்கள் ஆட்டத்தில் அதுதான் எல்லாம், ஒரு நாளைக்கு நாற்பது தடவை இறக்கி வைப்போம், சரிகிற பை என்றால் நாற்பது தடவை குனிந்து தட்டுப் பொறுக்க வேண்டும். அக்கா செருப்புக் காலால் அதை ஒரு தள்ளுத் தள்ளினாள், கோழியைத் தள்ளுகிற மாதிரி. ஆடிவிட்டு நின்றது. "அடங்கொன்னியா" என்றாள், மெதுவாக, மரியாதையோடு. எனக்கும் அதே சொல்தான் வாயில் வந்தது. குறை தேடினேன், சத்தியமாகத் தேடினேன், வாரைப் பார்த்தேன், முதுகுப் பஞ்சைப் பார்த்தேன், பக்கவாட்டில் தண்ணீர் பாட்டிலுக்கு வலை, மேலே ஒரு சின்ன அறை, கூடைக்குப் பக்கத்தில் எறியும் தட்டைத் தனியாக வைக்க அளவெடுத்துச் செய்த மாதிரி. யாருக்காகவோ செய்தது, யாரும் எடுக்காமல் இருட்டில் எத்தனை மாசம் கிடந்ததோ. முதுகில் மாட்டினால் கனம் தோளில் நிற்காமல் இடுப்புக்கு இறங்கி அங்கே உட்கார்ந்துகொண்டது. இவ்வளவு நல்ல பை எனக்கு வர வேண்டியதில்லை என்று ஒரு கணம் தோன்றியது. வாரின் நெஞ்சுப் பக்கத்தில், சாவிக்கொத்து வளையம் மாதிரி, ஒரு இரும்பு வளையம் இருந்தது.

"பிடிச்சிருக்கா?" என்றாள். "பிடிச்சிருக்குங்க்கா" என்றேன், பொய் சொல்ல வரவில்லை. அவளும் பாயும் விலை பேசி முடித்தார்கள், நான் பணம் கொடுத்தேன், பாய் மேலே சின்ன அறைக்குள் திணித்திருந்த பழைய பேப்பரை உருவிப் போட்டார். அக்கா சட்டைப் பாக்கெட்டில் கையை விட்டாள். பில்லையைத் துடைத்துக் கொண்டுவந்திருந்தாள், புளி போட்டுத் தேய்த்திருப்பாள் போல, புதுசாக மின்னியது, நான் உளியால் குத்திய ஒன்று கொஞ்சம் சாய்ந்திருந்தது. வளையத்தைப் பிரிக்க நகத்தை உள்ளே கொடுத்தாள். "அக்கா" என்றேன். "ம்." "என்ற கால் தாண்டிருச்சுங்க்கா." குனிந்தபடி இருந்தாள். "எங்க தாண்டுச்சு?" "ஒம்போதாவது கூடையில. கடைசி எறி. சங்கிலியில பட்டு அடங்கறதுக்கு முன்னாடியே." நிமிர்ந்தாள். "எந்தக் காலு?" என்றாள். "வலதுங்க்கா." "எவ்வளவு?" வாய் திறந்தேன், நான்கு விரல், ஒரு சாண், ஒரு முழம், எல்லாம் ஒன்றாக வந்து அடைத்துக்கொண்டது. அக்கா பேண்ட் பாக்கெட்டிலிருந்து ஒரு சோடா மூடியை எடுத்துக் கடைத் தரையில் வைத்தாள். "காட்டு." புதுப் பை முதுகில் இருக்க, மூடிக்குப் பின்னால் காலை வைத்து, கையை ஓங்கி, இல்லாத தட்டை இல்லாத கூடைக்கு எறிந்தேன். உடம்பு அப்படியே போனது, அன்றைக்குப் போன மாதிரியே, அதற்கு ஞாபகம் இருந்திருக்கிறது, எனக்குத்தான் இல்லை. வலது கால் மூடியைத் தாண்டி ஊன்றியது. "என்னங்கப்பா, கடைக்குள்ள பாண்டி வெளையாடறீங்களா?" என்றார் பாய். பிறகு கவுண்டருக்குப் பின்னால் போய் எதையோ அடுக்க ஆரம்பித்தார். அக்கா குந்தி உட்கார்ந்து, மூடிக்கும் என் பாதத்துக்கும் நடுவில் கையை விரித்து வைத்தாள். கட்டைவிரல் மூடியில். சுண்டுவிரல் என் பெருவிரலில் பட்டது. "ஒரு சாண்" என்றாள்.

குந்தியபடியே கேட்டாள், "நாலு நாளு தூங்குனயா?" "இல்லீங்க்கா." "நல்லது." எழுந்தாள், முழங்காலில் கையூன்றி. முகத்தில் கோபமா என்று பார்த்தேன், கோபம்தான், ஆனால் என் மேல் மட்டும் இல்லை, அது எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருந்தது. "மூணு எண்ணறதுக்குள்ள நீயும் சொல்லல." "ஆமாங்க்கா." "நானும் சொல்லல." "நீங்க பாக்கலைங்களே." "பாத்திருக்கோணும். கூட ஆடறவ நானு. வேடிக்கை பாக்க வந்தவ மாதிரி சங்கிலியப் பாத்துட்டு நின்னிருக்கறேன்." அவள் இதைத் தன்னிடம்தான் சொல்லிக்கொண்டாள், ஜிப்பில் ஒரு பல் விட்டுப்போனதைக் கண்டுபிடித்த மாதிரி. "நீங்களே வெச்சுக்கங்க்கா. அது உங்களோடதுதானுங்க." "என்னது?" என்றாள், அப்போதுதான் குரல் ஏறியது. "என்னோடதா? சீட்டுல கையெழுத்துப் போட்டாச்சு. நானும் போட்டேன். போட்டதுக்கப்பறம் நீ வந்து இந்தாங்க்கான்னு குடுத்தா நான் கைநீட்டி வாங்கிக்கோணுமா? எனக்கென்னடா தானம் பண்றயா?" "அப்படியில்லீங்க்கா." "திரும்பு." திரும்பினேன். "அந்தப் பக்கம் இல்ல, என்னையப் பாத்துத் திரும்பு." நெஞ்சுப் பக்கத்து வாரைப் பிடித்துக்கொண்டாள். வளையம் புதுசு, விறைப்பு, பிரியவில்லை. நகத்தைக் கொடுத்துப் பிரித்தாள், நழுவியது, மறுபடி பிரித்தாள், நகக்கண் ரத்தம் ஓடாமல் வெளுத்தது. அவசரப்படவில்லை. அவள் மூச்சில் வெயில் வாசம் இருந்தது. பில்லை ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே ஏறியது. ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள், முஷ்டியால், மற்றப் பைகளை இழுத்துப் பார்த்த அதே இழுப்பு, நான் ஒரு எட்டு முன்னால் போய் நின்றேன். முனகல் ஏதாவது வருகிறதா என்று கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்தாள். "ஞாயித்துக்கெழம வர்ற வரைக்கும் இத மாட்டிட்டே திரி. யாராச்சும் எப்புடி ஜெயிச்சேன்னு கேட்டா என்ன சொல்லோணுமோ நீயே சொல்லிக்க. ஞாயித்துக்கெழம நான் ஆடி எடுத்துக்கறேன். அன்னிக்கு உன்ற காலையும் பாப்பேன், தட்டையும் பாப்பேன்." "சரிங்க்கா." "நல்லா ஆடு. சும்மா உட்டுக்குடுத்தே, அப்பறம் இருக்குது உனக்கு." மூடியைத் தரையிலிருந்து பொறுக்கிப் பாக்கெட்டில் போட்டாள். "வர்றனுங்க பாய்." "சாப்பிட்டுப் போலாமே தாயி." "எங்கீங்க, காந்திபுரத்துல அஞ்சு பார்சல் கெடக்குது." வாசலில் குந்தி, பெரிய பையின் வாருக்குள் ஒரு தோளைக் கொடுத்து, பிறகு இன்னொன்றைக் கொடுத்து, ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்தாள். எழும்போது கழுத்து நரம்பு ஒரு தரம் புடைத்து அடங்கியது. அவ்வளவு கனம் முதுகில் ஏறியதும் நேராகிவிட்டாள், கனம் இல்லாமல் நின்றதைவிட நேராக. கழுத்து, தலை, சட்டை எல்லாம் சதுரப் பைக்குப் பின்னால் மறைந்து, கீழே இரண்டு கால் மட்டும் தெரிந்தது, சந்து முனையில் கரும்பு வண்டிக்காரர் வண்டியை ஒதுக்கி வழி விட்டார், ராஜ வீதிக் கூட்டம் அந்தப் பைக்காக இரண்டாகப் பிரிந்து பிறகு ஒன்றாகச் சேர்ந்துகொண்டது, அந்த இரண்டு காலும் வைத்த இடத்தில் ஊன்றி, ஊன்றிய பிறகே அடுத்ததை எடுத்து, போயின.